2021 நியூசிலாந்து என்பிசி ரக்பி: வைக்காட்டோவின் பட்டத்துக்கு நட்சத்திரக் குறி தேவையா?

எரிமலைநாடு:
என்பிசி என்ற நியூசிலாந்து மாகாண ரக்பிப் போட்டியின் சாம்பியன்கள் பட்டியலில் 2021க்கு நேரே 'வைக்காட்டோ' என்று மட்டும் போட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு அது ஒப்பவில்லை, இது சாதாரண சீசன் இல்லை என்று காட்ட பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி வேண்டும். ஆகஸ்ட் தொடக்கத்தில் 14 மாகாண அணிகளோடு தொடங்கிய போட்டி அது. ஆகஸ்ட் 17 நள்ளிரவோடு நாடு முழுக்க கொரோனா ஊரடங்கு. மற்ற ஊர்கள் திறந்தும் ஆக்லாந்து திறக்கவில்லை. கடைசியில் அந்தப் பகுதி அணிகளான ஆக்லாந்து, நார்த் ஹார்பர், கவுன்டீஸ் மனுக்காவ் மூன்றும் விலக வேண்டியதாயிற்று. அதிலும் ஆக்லாந்து யார்? 17 பட்டம் வென்ற அணி. 2020 இறுதிப்போட்டியில் ஈடன் பார்க்கில் டாஸ்மனிடம் 12-13 என்று ஒற்றைப் புள்ளியில் தோற்ற அணி. அதன் இடம் காலியாக இருந்த சீசனை மற்ற சீசன்களோடு எப்படிச் சமமாக வைப்பது?

பசுமணி:
மூன்று அணிகள் என்று சேர்த்துச் சொன்னால் பெரிதாகத்தான் தெரியும். பிரித்துப் பாருங்கள். அப்போது 14 அணிகளும் ஏழு ஏழாக இரண்டு பிரிவு: மேலே பிரிமியர்ஷிப், கீழே சாம்பியன்ஷிப். கீழே வெல்லும் அணி அடுத்த ஆண்டு மேலே ஏறும், மேலே கடைசியாக வரும் அணி கீழே இறங்கும். கவுன்டீஸ் 2019லேயே கீழே இறங்கிவிட்டது, நார்த் ஹார்பர் 2020ல் இறங்கியது. ஆக, வைக்காட்டோ ஆடிய பிரிவில் இல்லாமல் போனது ஆக்லாந்து ஒன்றுதான். இறுதியில் எதிரே நின்றது யார்? 2019, 2020 இரண்டு ஆண்டும் பட்டம் வென்ற டாஸ்மன். அவர்களை 23-20 என்று வென்றோம். இதைவிட என்ன வேண்டும்?

இன்னொன்று. ஊரடங்கு ஆக்லாந்துக்கு மட்டும் இல்லை. அக்டோபர் 3 இரவு எங்கள் ஊரான ஹாமில்டனும் மூன்றாம் நிலை ஊரடங்குக் கட்டுப்பாட்டுக்குள் போனது. அது தளர்ந்தது நவம்பர் 16. இறுதிப்போட்டி நவம்பர் 20, அதே ஹாமில்டனில். சொந்த ஊர் ஆறு வாரம் மூடிக் கிடக்க ஒரு அணி ஆடி ஜெயித்திருக்கிறது. 1992, 2006க்கு அப்புறம் எங்களுக்கு மூன்றாவது பட்டம். பெண்கள் அணியும் அதே ஆண்டு மகளிர் மாகாணப் போட்டியான ஃபரா பால்மர் கோப்பையை வென்றது.

எரிமலைநாடு:
டாஸ்மனை வென்றதை யாரும் குறைக்கவில்லை. ஆனால் பிரிவுக்குள் ஆடும் ஆட்டங்கள் மட்டுமே என்பிசி இல்லையே. ஒவ்வொரு அணியும் எதிர்ப் பிரிவிலிருந்து நான்கு அணிகளோடு மோத வேண்டும், அந்தப் புள்ளிகளும் அட்டவணையில் சேரும். மூன்று அணிகள் போனதும் அந்தக் கணக்கு எல்லாருக்கும் ஒரே மாதிரி பாதிக்கவில்லை. அரையிறுதி இடமும் சொந்த ஊரில் ஆடும் வாய்ப்பும் அந்த அட்டவணையிலிருந்துதான் வருகிறது.

பசுமணி:
சரி, அந்த அளவுகோலையே வைத்துக்கொள்வோம். மேல் பிரிவில் ஏழில் ஒன்று போனதற்கு ஒரு நட்சத்திரம் என்றால், கீழ்ப் பிரிவில் ஏழில் இரண்டு போயிற்று. அந்தப் பிரிவை வென்றது உங்கள் டாரனாக்கி. அப்போது உங்களுக்கு இரண்டு நட்சத்திரம் போடலாமா?

எரிமலைநாடு:
தாராளமாகப் போடுங்கள். எங்கள் வலி அங்கே இல்லை. அந்த சீசனில் டாரனாக்கி ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. நியூ பிளிமத் மைதானத்தின் பார்வையாளர் மாடங்கள் பூகம்ப ஆபத்தால் மூடப்பட்டிருந்ததால், இங்கிள்வுட் என்ற சின்ன ஊரின் மைதானத்தில் ஆடினார்கள். இறுதியில் ஒட்டாகோவையும் வென்றார்கள். 2018ல் கீழே இறங்கிய அணி மேலே ஏறுவதற்கான எல்லாவற்றையும் செய்து முடித்தது. அதற்குக் கிடைத்த பதில்: இந்த ஆண்டு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. சாதாரண ஆண்டு என்றால் அந்த ஏற்றம் எங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும். சாதாரண ஆண்டு இல்லை என்றால் அந்தக் குறிப்பு மேல் பிரிவுப் பட்டத்துக்கும் பொருந்தும். ஒரு பாதிக்கு மட்டும் விதி மாறியது என்பதுதான் என் வாதம்.

ஒன்பதாம் எண்:
இடையில் வருகிறேன். ஏற்றம் கொடுத்தால் யாரை இறக்குவது? இரண்டே ஆட்டங்களோடு வீட்டுக்குள் அடைபட்ட ஆக்லாந்தையா? அது அநியாயம். ஆக்லாந்துக்குப் பதில் மற்ற ஆறு அணிகளில் கடைசி அணியையா? அவர்கள் எல்லா வாரமும் வந்து ஆடியவர்கள், அது இன்னும் பெரிய அநியாயம். நாட்டு ரக்பி யூனியன் எடுத்த முடிவு ஒன்றே எடுக்கக்கூடியதாக இருந்தது.

எரிமலைநாடு:
இறக்காமலே ஏற்றலாமே. மேலே எட்டு, கீழே ஆறு என்று ஒரு ஆண்டு ஆடினால் என்ன குறை? 2018ல் சாம்பியன்ஷிப்பை வென்று மேலே வந்த அணிதான் இந்த வைக்காட்டோ. அந்தக் கதவு அவர்களுக்குத் திறந்திருந்ததால்தான் 2021ல் பிரிமியர்ஷிப் கோப்பையைத் தூக்க முடிந்தது. பசுமணி இதற்குப் பதில் சொல்லட்டும்.

பசுமணி:
சொல்கிறேன். கதவு எங்களுக்கு உதவியது உண்மை. டாரனாக்கிக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, எட்டு–ஆறு யோசனையும் நல்ல யோசனை. ஆனால் அது யூனியனிடம் கேட்க வேண்டிய கணக்கு. அதற்காக வைக்காட்டோ வீரர்கள் வியர்வை சிந்தி வென்ற பட்டத்தில் குறி போடுவதை ஏற்க மாட்டேன். அவர்கள் யாரையும் வெளியேற்றவில்லை. எதிரே வந்தவர்களோடு ஆடினார்கள், ஜெயித்தார்கள்.

ஒன்பதாம் எண்:
வைத்திருக்கும் அணியைத் தோற்கடித்துப் பறிக்கும் கேடயமான ரான்ஃபர்லி ஷீல்டை அதே ஆண்டு பாருங்கள். 2020ல் ஒட்டாகோவிடமிருந்து பறித்த ஹாக்ஸ் பே, 2021 முழுவதும் விடாமல் காத்தது. 2022 செப்டம்பரில் வெலிங்டன் வந்துதான் எடுத்தது. அதற்கு யாரும் நட்சத்திரம் கேட்பதில்லை. வைத்திருப்பவர் சொந்த மண்ணில் சவாலை ஏற்கிறார், அன்றைய 80 நிமிடமே தீர்ப்பு. யார் வரவில்லை என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. லீக் அப்படி இல்லை, அதனால் எரிமலைநாடு கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனாலும் 2022லிருந்து இரண்டு பிரிவும் போய், 14 அணிகளும் ஒரே கோப்பைக்கு ஆடுகின்றன. 2023ல் டாரனாக்கி நியூ பிளிமத்தில் ஹாக்ஸ் பேயை 22-19 என்று வென்று அந்தக் கோப்பையையும் எடுத்துவிட்டது. இனியும் என்ன குறை?

எரிமலைநாடு:
2023 அணி வேறு, 2021 அணி வேறு. இங்கிள்வுட்டில் ஆடிய சிலர் 2023 வரும்போது அணியிலேயே இல்லை. அவர்களுக்கு அந்தக் கோப்பை போய்ச் சேராது. நான் கேட்பது பதிவேட்டில் இரண்டு வரி: ஆக்லாந்துப் பகுதி அணிகள் மூன்றும் ஆடவில்லை, தோல்வியே காணாத டாரனாக்கிக்கு ஏற்றம் தரப்படவில்லை. வைக்காட்டோவின் பெயர் அப்படியே இருக்கட்டும்.

பசுமணி:
குறிப்பு சீசனுக்கு என்றால் கையெழுத்துப் போடுகிறேன். பட்டத்துக்கு என்றால் மாட்டேன்.