தலோஜாவிலிருந்து போன கன்டெய்னர் திரும்பி வந்தபோது

மும்பை செம்பூரிலிருந்து எழுதுகிறேன். நவி மும்பை பக்கம் தலோஜாவில் இறால் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். தெற்கு குஜராத்தின் குளங்களிலிருந்து ஐஸில் புதைத்து வரும் வன்னாமி என்ற வளர்ப்பு இறாலைத் தலை கிள்ளி, ஓடு உரித்து, குடலை உருவி, ஒரு பவுண்டுக்கு 26 முதல் 30 வரை என எண்ணிக்கை வாரியாகப் பிரித்து உறைய வைப்போம். ஒருமுறை ஐரோப்பாவுக்கு அனுப்பிய கன்டெய்னர், தடை செய்யப்பட்ட நைட்ரோஃபியூரான் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் எச்சம் இருந்ததாகத் திரும்பி வந்துவிட்டது. எங்கள் ஆய்வறிக்கையில் குறையே இல்லை. ஆனால் ஏழெட்டுச் சிறு குளங்களின் இறாலை வியாபாரி ஒரே லோடாகக் கலந்து கொடுத்திருந்தார், நாங்கள் மாதிரிக்கு எடுத்த பெட்டிகளில் மருந்து கலந்த குளத்து இறால் அகப்படவில்லை. எந்தக் குளத்து இறால் என்று சொல்ல முடியாத சரக்குக்கு எத்தனை நவீன இயந்திரம் வைத்திருந்தும் பயனில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன். 2024-25இல் நம் கடலுணவு ஏற்றுமதி 62,408 கோடி ரூபாய். அதில் உறைந்த இறால் மட்டும் 43,334 கோடி. ஒரே பொருளை இப்படி நம்பியிருந்ததால்தான், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கியதும் ஆலைகள் அப்படித் திணறின.

தாராவியிலிருந்து: செம்பூர் அண்ணன் சொல்வது வளர்ப்பு இறாலின் கதை; என் அம்மா உரித்தது கடல் இறால். 1875இல் திறக்கப்பட்ட மும்பை மீன்பிடித் துறைமுகமான சசூன் டாக்கில் விடியுமுன் போய் உட்கார்ந்து, உரித்த எடைக்குக் கூலி வாங்குவார். ஐஸ் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல் நுனிகளால் வீட்டில் மிளகாய் கிள்ளக்கூட அவரால் முடியாது. ஆமை தப்பிக்கும் கருவி நம் வலைகளில் இல்லை என்று அமெரிக்கா 2019 முதல் கடல் இறாலை வாங்குவதில்லை; அந்த நிபந்தனையை டாக்கில் யாரும் அவருக்கு விளக்கியதில்லை, சரக்கு குறைந்துவிட்டது என்று மட்டும் சொன்னார்கள். மேற்குக் கரையில் ஜூன், ஜூலை 61 நாள் மீன்பிடித் தடை வரும்போது கூலியே கிடையாது.

சயானிலிருந்து: நான் ரத்னகிரியில் சுரிமி என்ற அரைத்த மீன்சதைக் கட்டி செய்யும் ஆலைக்குக் குளிர்சாதனப் பராமரிப்பு செய்தவன். இங்கே ராணி என்று விற்கும் நம் சங்கரா மீனின் சதையை அரைத்து, குளிர்நீரில் பலமுறை அலசி, உறைந்தாலும் சதை கெடாமலிருக்கச் சர்க்கரை சேர்த்துக் கட்டியாக்குவார்கள். படகில் ஐஸைக் கஞ்சத்தனமாகப் போட்டிருந்தால் அந்தச் சதை பிடிப்பே கொடுக்காது. அந்த மீன் மீன்தூள் ஆலைக்குத்தான் போகும், விலையும் பாதாளத்துக்கு இறங்கும். சென்ற மாதம் அந்தேரிக் கடையொன்றில் வெளிநாட்டு 'நண்டுக்குச்சி' பாக்கெட்டைப் புரட்டிப் பார்த்தேன். உள்ளே நண்டு இல்லை, சுரிமிதான். 250 கிராமின் விலைக்கு டாக்கில் ஒரு கூடை ராணி வாங்கியிருக்கலாம். என் மகள் கேட்டாள் என்பதற்காக வாங்கித்தான் வந்தேன்.