தோசையைப் பிய்த்தால் கூடிவிடுமா? நான்கரை வயது மகளின் கணக்கு

கேள்வி
வணக்கம். என் மகளுக்கு நான்கரை வயது. முழுத் தோசை ஒன்றைத் தட்டில் வைத்தால் "போதாது" என்று சிணுங்குகிறாள். அதையே அவள் கண்ணெதிரில் நான்காகப் பிய்த்து வைத்தால், நிறைய வந்துவிட்டதாக மகிழ்ந்து சாப்பிடுகிறாள். இரவில் பேருந்தில் வரும்போது நிலா தன்னோடு வீட்டுக்கு வருவதாகச் சொல்கிறாள். இருபது வரை தடுமாறாமல் எண்ணும் குழந்தை இவற்றில் மட்டும் ஏன் குழம்புகிறாள்? ஒவ்வொரு முறையும் நான் திருத்த வேண்டுமா?

மறுமொழி 1
மழலையர் பள்ளியில் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். எண்களை வரிசையாகச் சொல்வது வேறு, பிய்த்தாலும் அளவு மாறாது என்று உணர்வது வேறு. சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே, அகன்ற குவளையிலிருந்து உயரமான, ஒடுங்கிய குவளைக்கு நீரை மாற்றி ஊற்றிக் காட்டியபோது, இந்த வயதுக் குழந்தைகள் உயரத்தை மட்டும் பார்த்து, நீர் கூடிவிட்டது என்றார்கள். உங்கள் மகள் துண்டுகளின் எண்ணிக்கையைப் பார்க்கிறாள். ஒவ்வொரு துண்டும் சிறுத்துப்போனதையும் சேர்த்துப் பார்க்க அவளால் இன்னும் இயலவில்லை. நிலா கூடவே வருகிறது என்று குழந்தைகள் சொன்னதையும் அவர் 1926இல் வெளியிட்ட நூலில் பதிவுசெய்திருக்கிறார். மரமும் மின்கம்பமும் பின்னால் ஓட, நிலா மட்டும் பின்தங்காமல் இருப்பதைக் கவனித்தவள் வேறு எப்படி முடிவு செய்வாள்? கண்டதிலிருந்து அவளாகவே எட்டிய அந்த முடிவை நான் குழப்பம் என்று சொல்லமாட்டேன்.

மறுமொழி 2
மேலே உள்ளதைப் பெரும்பாலும் ஏற்கிறேன்; ஆனால் "இயலவில்லை" என்று அவ்வளவு உறுதியாகச் சொல்லத் தயங்குவேன். 1974இல் ஜேம்ஸ் மெக்காரிகிள், மார்கரெட் டொனால்ட்சன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், சம எண்ணிக்கையில் வில்லைகள் அடுக்கிய இரண்டு வரிசைகளில் ஒன்றைப் பெரியவர் கலைப்பதற்குப் பதிலாக, ஒரு குறும்புக்காரக் கரடிபொம்மை கலைத்துவிட்டதாகக் காட்டினார்கள். அப்போது நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளில் மிகப் பலர், இரண்டும் சமம் என்றே சொன்னார்கள். பெரியவரே எதையோ மாற்றி வைத்துவிட்டு, கேட்ட கேள்வியையே மறுபடி கேட்டால், முதலில் சொன்னது தவறு போலிருக்கிறது என்று எண்ணிக் குழந்தை பதிலை மாற்றிவிடக்கூடும். ஆசிரியர் "நன்றாக யோசித்துச் சொல்" என்றதும் சரியான விடையை அழித்துவிட்டு வேறு எழுதிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. ஆகவே திருத்துவதைவிட, பிய்த்த துண்டுகளை அவளையே மறுபடி சேர்த்துவைக்கச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்
இருவருக்கும் நன்றி. இன்று காலை அப்படியே செய்தேன். நான்கு துண்டுகளையும் வட்டமாகச் சேர்த்து வைத்து, நடுவில் தெரிந்த இடைவெளியை விரலால் அழுத்தி மூடப் பார்த்தாள். சிறிது நேரம் தட்டையே பார்த்திருந்துவிட்டு, "ஒரே தோசைதாம்மா, ஆனா நாலு இருக்கு" என்றாள். அதைத் திருத்த எனக்குத் தோன்றவில்லை.