பெரிய 4 வீல் டிரைவ் வண்டி: குடும்பத்துக்காக எடுத்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோத்தகிரிக்காரன்:

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் சொல்லுங்கள். இது 2024 கடைசியில் நடந்தது.

வீட்டில் ஆறு பேர். நான், மனைவி, ஐந்து வயது மகள், எட்டு மாதப் பையன், அப்பா, அம்மா. பையன் பிறக்கும்வரை ஒரு சின்ன காரிலேயே ஐந்து பேரும் ஒப்பேற்றிவிட்டோம். ஆறாவது ஆள் வெறும் எட்டு கிலோதான். ஆனால் அவனுக்கென்று ஒரு குழந்தை சீட், ஒரு தள்ளுவண்டி, ஒரு டயப்பர் மூட்டை. மேட்டுப்பாளையம் இறங்கிக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய் வர, ஒரே வீட்டிலிருந்து இரண்டு வண்டி கிளம்ப ஆரம்பித்தது.

4 வீல் எதற்கு என்று கேட்பீர்கள். தார் ரோடு முடிந்து எங்கள் வீடு வரை ஒன்றேகால் கிலோமீட்டர் மண் ரோடு. தேயிலை ஏற்றும் லாரி போய்ப் போய் இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் முதுகெலும்பு மாதிரி மேடு. கடைசி வளைவு செங்குத்து. எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் ஆட்டம் காட்டும். 2009 நவம்பரில் ஊட்டி பக்கத்துக் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டி, மலை முழுக்க அங்கங்கே மண் சரிந்ததே, அந்த வாரம் அப்பாவின் பழைய எம்.எம். 540 ஜீப்தான் எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் அரிசியும் மருந்தும் கொண்டுவந்தது. அதிலிருந்து அப்பாவுக்கு ஒரே வேதம். "வண்டின்னா நாலு வீலும் இழுக்கணும். மத்ததெல்லாம் டவுன்காரன் வண்டி."

சரி என்று தேட ஆரம்பித்தால், மூன்று வரிசை சீட்டும் வேண்டும், நாலு வீலும் இழுக்க வேண்டும் என்றதுமே கடை பாதி காலி. இன்னோவா கிரிஸ்டாவில் பின் வீல் மட்டும்தான் இழுக்கும், ஹைகிராஸில் முன் வீல் மட்டும். இப்போதைய சஃபாரியிலும் 4 வீல் கிடையாது. தார் ராக்ஸில் உண்டு, ஆனால் ஐந்து பேர்தான். ஜிம்னியில் நாலே பேர். அப்போது மிச்சம் ஸ்கார்பியோ என், எக்ஸ்யூவி 700 ஆல் வீல், ஐந்து கதவு கூர்க்கா, ஃபார்ச்சூனர், அதற்கு மேல் இன்னும் ஓரிரண்டு. ஃபார்ச்சூனர் விலையைக் கேட்டதும் அப்பா, "இதுக்கு அரை ஏக்கர் தேயிலை வாங்கலாம்" என்றார். பேச்சு அங்கேயே முடிந்தது.

இங்கே ஒரு விஷயம். 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் சாலை வரியை ஏற்றினார்கள் அல்லவா? 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். 22 லட்சம் வண்டிக்கு வரி மட்டும் 4 லட்சத்து 40 ஆயிரம். காகிதத்தில் விலையைப் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள், வரியெல்லாம் சேர்த்த ஆன் ரோடு விலையைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இப்போது ஷோரூம், ஸ்கார்பியோ என் பார்க்க. நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம், ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு போனது. குழந்தை சீட்டையும் கையோடு கொண்டுபோனேன். விற்பனைப் பையன் வண்டியைச் சுற்றிக் காட்ட ஆரம்பித்தான், சன்ரூஃப், பெரிய திரை, பாட்டுப் பெட்டி. அம்மா எதையும் கேட்கவில்லை. கதவைத் திறந்து, பிடியைப் பிடித்து, காலைத் தூக்கிப் பார்த்தார். "டேய், இதுக்கு ஏணி தருவாங்களா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

அடுத்து குழந்தை சீட். ரோட்டோரமாக ஏற்றி இறக்குவதுதானே நல்லது என்று இரண்டாவது வரிசையில் இடது பக்கம் ஐசோஃபிக்ஸில் (குழந்தை சீட்டுக்கென்றே வண்டியில் இருக்கும் கொக்கி) மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. மகள், "நான் பின்னாடி போறேன்" என்று ஓடி வந்தாள். போக வழியில்லை! மூன்றாவது வரிசைக்குப் போக அந்த இடது சீட்டைத்தான் கவிழ்க்க வேண்டும். குழந்தை சீட் மாட்டியிருந்தால் அது கவிழாது. விற்பனைப் பையன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "சார், பாப்பாவை டிக்கி வழியா ஏத்திக்கலாம்" என்றான். என் மனைவி அவனைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

இதை எந்த விளம்பரத்திலும் காட்டியதில்லை, எந்த வீடியோவிலும் நான் பார்த்ததில்லை. உங்களுக்கு எப்படி இருந்தது?

பொள்ளாச்சி தோப்பு:

தம்பி, நான் மூணு வருஷம் முன்னால் பழைய ஃபார்ச்சூனர் ஒன்றைக் கைமாற்றி எடுத்தேன். மூணு பிள்ளைகள். தோப்புக்கும் போகணும், வருஷம் ரெண்டு தடவை வால்பாறைக்கும் போகணும். ஆழியாரிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறும்போது 2.8 லிட்டர் இன்ஜினின் இழுவை இருக்கிறதே, அந்தச் சுகமே தனி.

மூன்றாவது வரிசைக்கு வருகிறேன். சேஸிஸ் வண்டி, அதாவது தனி இரும்புச் சட்டத்தின் மேல் உடலை ஏற்றிய வண்டி என்பதால் தரை உயரம். பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வரும். பிள்ளைகளுக்குப் பிரச்சினை இல்லை. அந்த சீட்டுகளை மடித்தால் இரண்டு பக்கமும் சுவரோடு தொங்கும், தரையோடு படுக்காது. தேங்காய் மூட்டை வைக்கும்போது அகலத்தில் இடிக்கும். எனக்கு அது ஒரு குறையாகப் படவில்லை, நான் மூட்டைக்கு வேறு வண்டி வைத்திருக்கிறேன்.

வாங்கும் முன் மூன்றாவது வரிசையில் நீங்களே ஏறி அரை மணி நேரம் உட்காருங்கள். வண்டி ஓடும்போது. நின்ற வண்டியில் எல்லா சீட்டும் சொகுசுதான்.

நாமக்கல் பட்டறை:

இருபது வருஷமாக வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கிறவன் நான். வாங்குவது பற்றி எனக்குத் தெரியாது, வாங்கியபிறகு வருவதைச் சொல்கிறேன்.

போன வருஷம் ஒருத்தர் குடும்பத்தோடு கொல்லிமலை போய்விட்டு நேராக என் பட்டறைக்கு வந்தார். "அண்ணே, வளைவில் திருப்பினா வண்டி முரண்டு பிடிக்குது, கீழே டக்கு டக்குனு சத்தம்." எழுபது வளைவையும் 4 வீலில் போட்டே ஏறியிருக்கிறார், இறங்கியிருக்கிறார். காய்ந்த தார் ரோடு! "மலைப்பாதைக்குத்தானே அண்ணே அது இருக்கு?" என்றார் பாவம்.

மலைக்கு இல்லை, வழுக்கலுக்கு. இந்த சேஸிஸ் வண்டிகள் பெரும்பாலும் தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் வகை. போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு ஒரே அளவு சுற்றும். வளைவில் முன் வீல்கள் பின் வீல்களைவிட அதிக தூரம் போயாக வேண்டும். சேற்றில் என்றால் டயர் கொஞ்சம் வழுக்கி அந்தக் கணக்கைச் சரி செய்துகொள்ளும். தாரில் வழுக்காது, அந்த முறுக்கு அத்தனையும் ஷாஃப்டிலும் பல்சக்கரத்திலும் ஏறும். அதுதான் அந்த டக்கு டக்கு. நல்லவேளை, அவர் வண்டியில் எதுவும் உடையவில்லை. எக்ஸ்யூவி மாதிரி தானாகப் பின் வீலுக்குச் சக்தி அனுப்பும் வகையில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அதில் லோ ரேஞ்ச் கிடையாது, அதாவது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் தனி கியர்.

லோ ரேஞ்ச் என்பது ஏறுவதற்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். கோத்தகிரித் தம்பி சொன்ன மாதிரி செங்குத்தான மண் ரோட்டில் இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும். லோவில் முதல் கியரில் விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை மிதித்து வழுக்க வேண்டியதில்லை. பிரேக் என்று வந்தால் எல்லா காருக்கும் நாலு வீலிலும் பிரேக் இருக்கிறது. ஈரத் தாரில் பிரேக் போட்டால் 4 வீல் வண்டி மட்டும் சீக்கிரம் நின்றுவிடாது. எடை கூட என்பதால் மிதப்பில் போகிறவர்களுக்கு ஆபத்துதான்.

இன்னொன்று. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் மூணு கிலோமீட்டர், திரும்ப மூணு கிலோமீட்டர், இவ்வளவுதான் ஓட்டம் என்றால் பி.எஸ். 6 (இப்போதைய புகை விதி) டீசல் எடுப்பதற்கு முன் யோசியுங்கள். புகை போகும் குழாயில் இருக்கும் வடிகட்டி சூடேறி எரிந்து சுத்தமாக வேண்டும். அதற்கு அவ்வப்போது பைபாஸில் ஒரு நீண்ட ஓட்டம் தேவை. இல்லையென்றால் விளக்கு எரியும், என்னைப் பார்க்க வருவீர்கள்.

ஏற்காடு டீச்சர்:

எல்லாரும் 4 வீல் பக்கமே பேசுகிறீர்கள். நான் எதிர்க்கட்சி.

நாங்கள் ஏழு பேர். மாமனார், மாமியார், கொழுந்தனார் எல்லாரும் ஒரே வீடு. இரண்டு மாதம் பார்த்துவிட்டு, பழைய இன்னோவா கிரிஸ்டா எடுத்தோம். மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனது. அவரால் தானாக ஏறி இறங்க முடிந்த வண்டி அது ஒன்றுதான், அத்தோடு பேச்சு முடிந்தது. ஓட்டுவது நான்தான்.

இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை சிக்கினோம். தோட்டத்து வழியில் மழை பெய்த மறுநாள், பின் டயர் இரண்டும் மொட்டை, தப்பு என்னுடையது. டிராக்டர்காரருக்கு 500 ரூபாய் கொடுத்து இழுத்தோம். 4 வீல் இல்லாததால் எனக்கு இதுவரை ஆன மொத்தச் செலவு அந்த 500 ரூபாயும், மாமனார் ஒரு வாரம் பண்ணின கேலியும்.

கோத்தகிரிக்காரருக்கு உண்மையாகவே தேவை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதைப் படிக்கும் பத்துப் பேரில் எட்டுப் பேர் வீட்டு வாசல்வரை சிமென்ட் ரோடு.

கோத்தகிரிக்காரன்:

டீச்சர், அம்மாவிடம் உங்கள் பதிவை வாசித்துக் காட்டினேன். "அந்தப் பொண்ணுதான் விவரமா பேசுது" என்றார்.

எடுத்தாயிற்று. ஸ்கார்பியோ என், டீசல், மேனுவல், 4 வீல். வண்டி வந்து எட்டு மாதம் ஆகிறது. முடிவு எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

குழந்தை சீட்டை வலது பக்கம் மாற்றி மாட்டிப் பார்த்தோம். இடது சீட் கவிழ்ந்தது, பின்னால் போக வழி கிடைத்தது. ஆனால் பையனை ஏற்றும்போது வண்டி போகிற பக்கம் நிற்க வேண்டும். அதனால் இப்போது கடைத்தெருவில் நிறுத்துவதே இல்லை, எப்போதும் உள்ளே தள்ளி ஒரு மைதானத்தில் நிறுத்தி ஏற்றுகிறோம். அம்மா முன் சீட், பையன் பக்கத்தில் மனைவி. மூன்றாவது வரிசைக்கு மகளோடு யார் என்று எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா ஏறிப் போய் உட்கார்ந்துவிட்டார். "ஜீப்புல பின்னாடி பலகையில உக்காந்து ஊட்டி போனவன்டா நான். இது சோபா." 68 வயசு.

டெஸ்ட் டிரைவுக்கு ஷோரூம்காரர்கள் கொடுத்தது பின் வீல் மட்டும் இழுக்கும் 2 வீல் டிரைவ் வண்டி. எங்கள் மண் ரோட்டில் 4 வீல் வண்டியை ஓட்டிப் பார்க்காமல் பணம் கட்ட மாட்டேன் என்று நின்றேன். மூன்று வாரம் இழுத்தடித்தார்கள். கடைசியில் தெரிந்தவர் ஒருவரின் வண்டியைக் கெஞ்சி வாங்கி, மழை பெய்த மறுநாள் காலையில் ஓட்டினேன். கடைசி வளைவில் முதலில் 2 வீலில் போனேன், பின் பக்கம் பள்ளத்தை நோக்கி நழுவியது. நிறுத்தி, லோவில் போட்டேன். பாதத்தை எடுத்துவிட்டால்கூட ஊர்ந்து ஏறியது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு மேட்டில் நின்று பார்த்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று சாயங்காலம் அவரே பேங்க் பாஸ்புக்கை எடுத்து மேசையில் வைத்தார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மூன்று வரிசையையும் போட்டால் டிக்கியில் இரண்டு தோள்பை வைக்கலாம், அவ்வளவுதான். தள்ளுவண்டி கூரைமேல் கேரியரில் போகிறது. மூன்றாவது வரிசை சீட் மடித்தாலும் தரையோடு தட்டையாகப் படுக்காது. அம்மாவுக்கு ஃபுட்போர்டு போட்டும் போதவில்லை. அப்பா பழைய தேக்குப் பலகையில் ஒரு சின்ன முக்காலி செய்தார். அது முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. இறங்குகிற இடத்தில் நான் ஓடிப்போய் முக்காலியை வைக்க வேண்டும், கல்யாண மண்டபத்து வாசலில் எல்லாரும் வேடிக்கை பார்ப்பார்கள். அம்மாவுக்கு இப்போது அது பழகி, கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதல் மாதம் மகள் வளைவில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். பின் வீலுக்கு மேலே உட்காருகிறவர்களுக்குத் தூக்கிப் போடுவதும் ஆட்டமும் அதிகம். போனைப் பார்ப்பதை நிறுத்தினோம், கிளம்புவதற்கு முன் பால் கொடுப்பதை நிறுத்தினோம், நானும் வேகத்தைக் குறைத்தேன். இப்போது தாத்தாவும் பேத்தியும் பின்னால் உட்கார்ந்து வளைவுகளை எண்ணிக்கொண்டே வருகிறார்கள். இருவருக்கும் கணக்கு ஒத்துப்போனதே இல்லை.

பட்டறை அண்ணனுக்கு ஒரு கேள்வி. கம்பெனி டயர் ரோடு டயர்தான், சேறு அப்பிக்கொண்டால் வழவழ என்று ஆகிவிடுகிறது. கார்த்திகைக்கு முன் ஏ.டி. டயர் (தார், மண் இரண்டுக்கும் ஆனது) மாற்றலாமா, இல்லை தேய்கிறவரை ஓட்டட்டுமா?

நாமக்கல் பட்டறை:

உங்கள் ரோட்டுக்கு மாற்றத்தான் வேண்டும். நாலையும் ஒரே சமயத்தில் மாற்றுங்கள், 4 வீல் வண்டியில் இரண்டு மட்டும் புதுசு போடக் கூடாது. தாரில் சத்தம் கொஞ்சம் வரும், மைலேஜ் கொஞ்சம் குறையும். பழையதை விற்றுவிடாதீர்கள், சித்திரையில் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். அம்மாவின் முக்காலிக்கு அடியில் ரப்பர் ஒட்டச் சொல்லுங்கள், மழையில் வழுக்கும்.