புதுப்பிப்பு: ஃப்ரீபிஎஸ்டி 14-இல் கம்பைல் ஆகிவிட்டது

லினக்ஸில் எழுதிய என் குறிப்பேடு செயலி (ஜன்னல், பொத்தான் எல்லாம் வரையும் ஜிடிகே லைப்ரரியில் செய்தது) யூனிக்ஸ் வகை இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியில் கம்பைல் ஆகாமல், அதாவது இயங்கும் நிரலாக மாறாமல், நிற்கிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். நேற்று ராத்திரி அதன் ஜன்னல் திறந்தது. அவ்வளவு சந்தோஷம்!

முதல் பிழை சுலபம். நினைவக ஒதுக்கீட்டுக்கான மாலாக்.ஹெச் ஹெடரை (அறிவிப்புகள் அடங்கிய கோப்பு) நிரலில் சேர்த்தால், அதற்குப் பதில் எஸ்டிடிலிப்.ஹெச் வந்துவிட்டது என்று சொல்லியே கம்பைல் நின்றுவிடும். ஒரு வரி மாற்றம், சரியாகிவிட்டது. மேக்ஃபைல் (கம்பைல் செய்யும் படிகளைச் சொல்லும் கோப்பு) குனு பாணியில் இருந்ததால், அங்குள்ள மேக் கருவிக்குப் பதில் குனுவின் ஜிமேக் போட்டேன்.

உயிரை வாங்கியது அடுத்ததுதான். லைப்ரரியை நிறுவிய பிறகும் ஹெடர் கிடைக்கவில்லை என்றே வந்தது. ஃப்ரீபிஎஸ்டியில் பேக்கேஜ்கள் எல்லாம் யூஎஸ்ஆர் லோக்கல் கோப்பகத்துக்குள் போகின்றன, அதன் கம்பைலரான கிளாங் தானாக அங்கே தேடாது. நான் லினக்ஸ் பாதையைக் கையால் எழுதி வைத்திருந்தேன். அதை அழித்துவிட்டு, லைப்ரரி இருக்கும் பாதையைச் சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் கருவியிடம் கேட்டு வாங்கியதும், திரை நிறைய இருந்த பிழைகள் ஒரே அடியில் போய்விட்டன. கடைசிப் பிழையைத் துரத்தாமல் முதல் பிழையைப் பார்க்கச் சொன்ன நண்பருக்கு மனமார்ந்த நன்றி.

அப்புறம், ஐகான்கள் மட்டும் வரவில்லை. செயலி தன் இருப்பிடத்தை, ஓடும் நிரல்களின் விவரம் தரும் ப்ராக் கோப்பகத்தில் தேடியது, ஃப்ரீபிஎஸ்டியில் அந்தக் கோப்பகம் இயல்பாக மவுன்ட் ஆவதில்லை (இணைக்கப்படுவதில்லை). கெர்னலிடம் விவரம் கேட்கும் சிஸ்கன்ட்ரோல் வழியாக இருப்பிடத்தைக் கேட்டதும் ஐகான்கள் வந்துவிட்டன. இன்னும் ஐநோட்டிஃபை (கோப்புகள் மாறினால் தெரிவிக்கும் லினக்ஸ் வசதி) பகுதி பாக்கி. அதை ஃப்ரீபிஎஸ்டியில் அந்த வேலையைச் செய்யும் கேக்யூவுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்.