சர்ஃபாக்டன்ட் பட்டதும் டிஎன்ஏ என்ன ஆனது? பார்த்ததைச் சொல்லுங்கள்

திரியைத் தொடங்கியவர்:
நேர்மின் சர்ஃபாக்டன்ட் (நேர்மின் தலையும் தண்ணீரைப் பிடிக்காத வாலும் உள்ள, சோப்பு மாதிரியான மூலக்கூறு) டிஎன்ஏ-வைச் சுருட்டும் என்று எல்லோரும் படித்திருப்போம். வேலையில் நேரில் பார்த்ததை இங்கே எழுதுங்கள். முதலில் என் பங்கு.

டி4 வைரஸின் டிஎன்ஏ-வுக்குச் சாயமேற்றி, ஒளிர்வு நுண்ணோக்கியில் வைத்திருந்தேன். நீட்டிப் பிடித்தால் 50 மைக்ரோமீட்டரைத் தாண்டும் மூலக்கூறு அது. கரைசலில் தளர்ந்து, நெளிந்துகொண்டே கிடக்கும். துளியளவு சிடிஏபி (CTAB) என்ற நேர்மின் சர்ஃபாக்டன்ட் சேர்த்ததும், ஒரே பார்வையில் இரண்டு விதம் தெரிந்தது. சில இழைகள் பழையபடி நெளிந்தன. பக்கத்திலேயே சில, பளிச்சென்ற புள்ளிகளாகிக் கிடுகிடுவென்று அலைந்தன. பாதி சுருண்டது என்று ஒன்றைத் தேடினேன், கண்ணில் படவில்லை. 1995-இல் மெல்னிகோவ், செர்கேயெவ், யோஷிகாவா காட்டியதும் இதுதான்: ஒரு மூலக்கூறு விரிந்திருக்கும், இல்லையென்றால் முழுசாகச் சுருண்டுவிடும். குழாயில் எல்லா மூலக்கூறையும் மொத்தமாக அளந்தால், டிஎன்ஏ-வின் அளவு படிப்படியாகக் குறைவதுபோல வளைகோடு வழுவழுவென்று இறங்கும். அது வெறும் சராசரி, அதை நம்பிப் படம் வரையாதீர்கள்.

இயற்பியல் பக்கத்திலிருந்து ஒருவர்:
அருமை. ஒன்றைக் கவனித்தீர்களா? சிடிஏபி தனியாக மைசெல் (வால்கள் உள்ளே, தலைகள் வெளியே இருக்கும் உருண்டைத் திரள்) கட்ட ஏறக்குறைய 0.9 மில்லிமோலார் வேண்டும். டிஎன்ஏ இருந்தால் அதைவிட மிகக் குறைந்த அளவிலேயே கதை முடிந்துவிடுகிறது. காரணம் மின்னூட்டம் மட்டும் இல்லை. 0.34 நானோமீட்டருக்கு ஒரு காரஇணை (டிஎன்ஏ ஏணியின் ஒரு படி), அதில் இரண்டு பாஸ்பேட். அவ்வளவு நெருக்கமான எதிர்மின் வரிசையைத் தேடி நேர்மின் தலைகள் வந்து, அங்கிருக்கும் சோடியத்தை வெளியே தள்ளுகின்றன. வந்தவற்றின் வால்கள் தண்ணீரைப் பிடிக்காமல் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. ஒன்று உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில் அடுத்தது உட்காருவது இன்னும் சுலபம். வாலைப் பன்னிரண்டு கார்பனாகக் குறைத்துப் பாருங்கள், பல மடங்கு கூடுதலாக ஊற்ற வேண்டியிருக்கும்.

தாவர டிஎன்ஏ பிரிப்பவர்:
எனக்குச் சிடிஏபி தினசரிச் சரக்கு. ஆனால் டிஎன்ஏ பிரிக்கும் எங்கள் பஃபர் கரைசலில் அது டிஎன்ஏ-வைக் கீழே இறக்காது, ஏனென்றால் கூடவே 1.4 மோலார் உப்பு இருக்கிறது. அவ்வளவு உப்பில் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று சரியாகப் பார்ப்பதே இல்லை. அதே கரைசலில் தண்ணீர் சேர்த்து உப்பைக் குறைத்தால், வெள்ளை வெள்ளையாகத் திரண்டு இறங்கும். மறுபடி உப்பு நீரில் போட்டால் கரைந்துவிடும். அப்புறம், பாட்டிலைக் குளிர் அறையில் வைக்காதீர்கள், அடியில் படிகம் கட்டிவிடும். சூடாக்கினால் சரியாகும்.

செல் வளர்ப்பவர்:
சுருட்டுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள். என் தலைவலி அதற்கப்புறம், சுருட்டிய டிஎன்ஏ-வைச் செல்லுக்குள் அனுப்புவதில். சிடிஏபி கட்டிய பிளாஸ்மிட் (வட்ட டிஎன்ஏ), மின்சாரம் பாய்ச்சி டிஎன்ஏ-வை ஓடவிடும் ஜெல்லில் ஓடாமல் குழியிலேயே நின்றது, பார்க்க அழகு. செல்கள் மேல் ஊற்றியதும் செல்கள் செத்தன. ஒற்றை வால் மூலக்கூறு எளிதில் கழன்று, செல் சவ்வுக்குள் புகுந்து அதைக் கிழிக்கிறது. 1987-இல் ஃபெல்க்னர் குழு செல்லுக்குள் டிஎன்ஏ-வை அனுப்ப, இரட்டை வால் லிப்பிடான (கொழுப்பு வகை மூலக்கூறான) டாட்மாவைக் (DOTMA) கொண்டுவந்தது இதனால்தான் பெரிய விஷயம். இரட்டை வால் இருந்தால் மைசெல்லுக்குப் பதில் இரட்டை அடுக்கு உருவாகும், சட்டென்று கழலாது. சாஃபின்யா குழு 1997-இல் எக்ஸ்-கதிரில் பார்த்தபோது, அடுக்குகளுக்கு இடையில் டிஎன்ஏ வரிசையாகப் படுத்திருந்தது.

கலக்கும் விகிதத்திலும் கண் வையுங்கள். இரு பக்க மின்னூட்டமும் சமமாகும் இடத்தில் விலக்குவிசை போய்விடும், துகள்கள் ஒட்டிக் கரைசல் கலங்கும். அதனால் நேர்மின்னைச் சற்றுத் தூக்கலாக வைக்கிறேன். ரொம்பத் தூக்கினால் மறுபடி செல்லுக்கு ஆபத்து.

உள்ளே போன பிறகு கட்டு அவிழ வேண்டுமே! செல்லின் எதிர்மின் லிப்பிடுகள் நம் லிப்பிடைப் பிடித்து இழுத்தால்தான் டிஎன்ஏ விடுபடும். இறுக்கமாகக் கட்டியது சிறந்த கட்டு என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

இயற்பியல் பக்கத்திலிருந்து அதே ஆள்:
அவிழ்ப்பதை வெளியிலேயே பார்க்க வேண்டுமா? சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற வளைய வடிவச் சர்க்கரை மூலக்கூறைச் சேருங்கள். அதன் குழிக்குள் சர்ஃபாக்டன்டின் வால் போய்விடும், டிஎன்ஏ திரும்ப விரியும்.

திரியைத் தொடங்கியவர்:
செய்து பார்க்கிறேன். யாராவது இதைச் செய்திருந்தால் எந்தச் சாயம் என்று சொல்லுங்கள். எதிடியம் புரோமைடு வேண்டாம், டிஎன்ஏ சுருளும்போது அது வெளியே தள்ளப்பட்டு ஒளி மங்கிவிடுகிறது.