பொருள்: ‘நொய்ஸ் ஃப்ளோர்’ – வெள்ளிக்கு முதல் ஒரு சொல் வேணும்

கொக்குவிலிலிருந்து, கையேட்டுத் தொகுப்பு:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டிலை வீணை, வயலின், வாய்ப்பாட்டு பதியிற மாணவருக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. ‘நொய்ஸ் ஃப்ளோர்’ (ஒருவரும் வாசிக்காதபோதும் பதிவிலை கிடக்கிற இரைச்சலின்ரை மட்டம்) எண்டதுக்குத் தமிழ்ச் சொல் ஒண்டுதான் இன்னும் இடிக்குது. இப்போதைக்கு ‘இரைச்சல் தளம்’ எண்டு கிடக்கு. வசனம் இது:

“24 பிற்றில், உரத்த இடம் −12 டெசிபெலைத் தாண்டாதபடி கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) வையுங்கள். பிறகு கெயினைத் தொடாமல், ஒருவரும் அசையாமல், 20 செக்கன் வெறுமனே பதியுங்கள். மீற்றர் காட்டுவதே உங்கள் இரைச்சல் தளம். அது −60க்கு மேலே நின்றால் வாசிக்கத் தொடங்க வேண்டாம்.”

திருத்தம் சொல்லுங்கோ.

சாவகச்சேரியிலிருந்து:

‘தளம்’ வேண்டாம். இங்கை தளம் எண்டா ஒண்டில் படைத்தளம், இல்லாட்டி இணையத்தளம். வீணையின்ரை நாதம் தேய்ஞ்சு கொண்டு போய் ஓர் இடத்திலை இரைச்சலுக்குள்ளை அமிழ்ந்து போகுது. அந்த இடத்துக்குத்தான் பேர் தேடுறம். ‘அடியிரைச்சல்’ எண்டு போடலாமே?

வட்டுக்கோட்டையிலிருந்து:

அன்பர்களே, அடிக்கு முன் இரைச்சலைப் பார்ப்போம். ‘ஓசை ஒலியெலாம் ஆனாய் நீயே’ என்று அப்பர் இரண்டையும் தனித்தனியே நிறுத்தினார். இரைதல் கடலுக்கு உரியது, சந்தைக்கு உரியது. நெஞ்சு இரைந்தால் அது இரைப்பு, நோய். ஆளில்லாத அறையின் மெல்லொலியை இரைச்சல் என்பது மிகை. ‘அரவம்’ என்போமெனில் பாம்பு குறுக்கே வரும். வடமொழி ‘ரவ’த்தின் உறவென்று வழக்கும் வரும். ஆதலால் ‘இமிழ்’. இமிழ்கடல் என்பது பழந்தமிழ் ஆட்சி. ‘இமிழடி’ என்று வழங்குக.

மானிப்பாயிலிருந்து:

ஐயா, முரசும் இமிழும்தானே? மிருதங்கம் பதியிற பிள்ளைக்கு ‘இமிழைக் குறை’ எண்டு சொன்னா வாத்தியத்தை மூடி வைச்சிடும்.

சொல்லுக்கு முதல் பொருளைப் பார்ப்பம். அடியிலை கிடக்கிறது ஒரு சத்தமில்லை. அறை, மைக்கின்ரை சொந்த இரைச்சல், கரண்டாலை வாற ஹம் எண்ட ரீங்காரம், எல்லாம் சேர்ந்த கூட்டுத்தொகை அது. ஒரே அளவான இரண்டு இரைச்சல் சேர்ந்தால் 3 டெசிபெல்தான் கூடும். அதிலை ஒண்டை நிப்பாட்டினாலும் 3தான் குறையும். ஒண்டு மற்றதைவிட 10 டெசிபெல் பெரிசு எண்டா, சின்னதை நிப்பாட்டி ஒரு பிரயோசனமும் இல்லை. அதாலை பெரிசிலையிருந்து தொடங்கவேணும்:

சீலிங் ஃபான் முதல். அடுத்தது பிறிட்ஜ். அதை நிப்பாட்டேக்கை வீட்டுத் திறப்பை உள்ளுக்கை வையுங்கோ. வெளிக்கிடேக்கை திரும்பப் போட மறக்கமாட்டியள். லப்டொப்பைச் சார்ஜரிலையிருந்து கழட்டி பற்றரியிலை ஓட்டுங்கோ. 50, 100 ஹேர்ட்ஸ் ஹம் அதோடை ஓய்ஞ்சால் பிழை நிலத்தொடுப்பிலை (எர்த்), மைக்கிலை இல்லை. சோளகக் காத்து பெயரேக்கை பனையோலைச் சரசரப்பை எந்த ஃபில்டராலும் வெட்டேலாது, அது வாத்தியத்தின்ரை மேல்சுரங்களோடை பின்னிக் கிடக்கும். அதுக்கு யன்னலைச் சாத்துறதும், முன்பக்கத்தைக் கூடுதலாக் கேக்கிற காடியொயிட் மைக்கின்ரை முதுகை அந்த யன்னலுக்குக் காட்டுறதும்தான் வழி. இன்னும் ஒடுக்கமாக் கேக்கிற ஹைப்பர்காடியொயிட் எண்டா முதுகு சரிவராது, செவிட்டுப் பக்கம் 110 பாகையளவிலை கிடக்கும். நல்லூர்த் திருவிழா நாளிலை அந்தச் சுற்றாடலிலை எந்த மைக்கும் உதவாது.

இதெல்லாத்தையும் விட மலிவான வழி, மைக்கைக் கிட்டக் கொண்டு போறது. 60 சென்ரிமீற்றரை 30 ஆக்கினால் வாத்தியம் ஏறக்குறைய 6 டெசிபெல் ஏறும், அறை அப்பிடியே நிக்கும். கெயினை 6 குறையுங்கோ, அறை இரைச்சல் 6 இறங்கிச்சு. இன்னும் கிட்டப் போனால் வீணை மெட்டிலை விரல் உரசுறது பாட்டைவிடப் பெரிசாக் கேக்கும்.

ஆக, இது ஏறி இறங்குற ஒரு மட்டம். ‘அடியிரைச்சல்’ எண்டா ஏதோ ஒரு வகை இரைச்சல் மாதிரிக் கிடக்கு.

சுன்னாகத்திலிருந்து:

மானிப்பாய்த் தம்பி சொன்னது இலக்கணப்படியும் சரி. தமிழ்த் தொகையில் தலைமைச் சொல் பின்னால் வரும். அடியிரைச்சல் இரைச்சலில் ஒரு வகை. இரைச்சலடி அடியில் ஒரு வகை. நமக்கு வேண்டியது இரண்டாவது. ஆனால் வகுப்பில் ‘இரைச்சலடி’ என்று எழுதினால், ‘அரட்டையடி’ போல ஏவலாக எடுத்துக்கொண்டு பிள்ளைகள் உடனே நிறைவேற்றி விடுவார்கள்.

சாவகச்சேரியிலிருந்து:

அப்ப ‘மண்டி’? நல்லெண்ணெய்ப் போத்திலின்ரை அடியிலை தங்குறது. எல்லாம் சேர்ந்து படிஞ்சது எண்ட கருத்தும் வருது. ‘இரைச்சல் மண்டி’.

வட்டுக்கோட்டையிலிருந்து:

மண்டுதல் நெருங்குதல். நெருங்கித் தங்கியதாதலின் மண்டி. மொத்தக் கடையும் மண்டி எனப்படும். மண்டியிடுதலை இதனோடு சேர்ப்பதா என்பது தனி ஆராய்ச்சி, பின்னர் விரிவாக எழுதுவேன். சொல் நன்று. எனினும் தமிழகத்து வாசகர் வெங்காய மண்டியை நினைப்பர்.

சுன்னாகத்திலிருந்து:

தமிழகத்து வாசகருக்காக எழுதினால் ‘மீடிறனை’யும் ‘அதிர்வெண்’ ஆக்க வேண்டி வரும். எங்கள் பிள்ளைகள் பௌதிகத்தில் படிப்பது மீடிறன்.

மானிப்பாயிலிருந்து:

அந்தச் சண்டையை இப்ப துவங்காதேங்கோ ரீச்சர். நுணுக்குப்பன்னி எண்டு எழுதின காலமும் இருந்தது, இப்ப எல்லாரும் மைக் எண்டுதான் சொல்லினம். 19ஆம் நூற்றாண்டிலை மானிப்பாயிலை அமெரிக்க மிஷன் மருத்துவர் கிறீன் ஆக்கள் இரசாயனத்தைக் ‘கெமிஸ்தம்’ எண்டு எழுதியும் தமிழ் ஒண்டும் கெட்டுப்போகேல்லை. ‘நொய்ஸ் ஃப்ளோர்’ எண்டே விடலாம். வாங்குற கருவியிலையும் சோஃப்ற்வெயாரிலையும் அதுதான் கிடக்கு.

வட்டுக்கோட்டையிலிருந்து:

வடசொல்லை எடுக்கவே ‘வடவெழுத்து ஒரீஇ’ (வடவெழுத்தை நீக்கி) என்று தொல்காப்பியர் நெறி வகுத்தார். அந்த ‘ஃப்’ எந்த எழுத்து?

கொக்குவிலிலிருந்து:

நாளைக்கு வியாழன். தயவுசெய்து.

இடையிலை இன்னொரு சிக்கல். இரைச்சல் நீக்கம் பற்றின பந்தியிலை ‘தொடர்ந்து ஒரே சீராக ஒலிப்பது அடியிரைச்சல்’ எண்டு எழுதியிருக்கு. அது சரியோ?

மானிப்பாயிலிருந்து:

பிழை. அப்பிடிப் பார்த்தா சுருதிப்பெட்டியும் இரைச்சல்தான். சோஃப்ற்வெயாரும் அப்பிடித்தான் நினைக்கும். நீக்கவேண்டிய இரைச்சலின்ரை மாதிரியை (சாம்பிள்) எடுக்கேக்கை சுருதிப்பெட்டி ஓடினால், சட்சமும் பஞ்சமமும் முழுப் பாட்டிலையிருந்தும் சுரண்டுப்படும். அதை நிப்பாட்டிப்போட்டு, அறையை மட்டும் மாதிரி எடுக்கவேணும். குறைப்பை 6 டெசிபெலிலை தொடங்குங்கோ. 12ஐத் தாண்டினால் குமிழிச் சத்தம் வரத் துவங்கும். தாழ்ந்த மீடிறன்களை வெட்டுறதுக்கும் அளவு போடுங்கோ: வயலினுக்கு 100 ஹேர்ட்ஸ் வரை போகலாம், வீணைக்கு 50க்கு மேலை போனால் அனுமந்தரத் தந்தி மெலியும்.

‘நொய்ஸ் கேற்’ எண்டதுக்கு என்ன போட்டிருக்கிறியள்?

கொக்குவிலிலிருந்து:

‘இரைச்சல் வாயில்’.

சாவகச்சேரியிலிருந்து:

வாயில் எண்டா கோயில் வாசல் மாதிரித் திறந்தே கிடக்கும். இது ஒலி அளவு வந்தால் திறக்கும், குறைஞ்சால் சாத்தும். வேலியிலை இருக்கிற கதவு மாதிரி, ‘படலை’!

மானிப்பாயிலிருந்து:

அருமை. படலை. திறக்கிற அளவை அந்த அடியை விட 6 டெசிபெல் மேலை வையுங்கோ எண்டு சேருங்கோ. வீணைக்குப் பாவிக்கவே வேண்டாம் எண்டும் சேருங்கோ. கமகத்தின்ரை வாலைப் படலை நறுக்கிப்போடும்.

சுன்னாகத்திலிருந்து:

படலைக்கு என் வாக்கு.

வட்டுக்கோட்டையிலிருந்து:

படலை உடன்பாடே.

கொக்குவிலிலிருந்து:

‘இரைச்சல் படலை’ ஏகமனதாகப் போகுது. மற்றதுக்கு எல்லாரும் போட்ட வாக்கு: அடியிரைச்சல் 4, மண்டி 2, நொய்ஸ் ஃப்ளோர் 1, இமிழடி 1. அடியிரைச்சல் எண்டு போட்டு, முதல் தரம் வாற இடத்திலை ‘இரைச்சலின் அடிமட்டம்’ எண்டு விளக்கம் வைக்கிறன். கோப்பு அச்சகத்துக்குப் போட்டுது.

சுன்னாகத்திலிருந்து:

விளக்கத்தில் அடி பின்னால், சொல்லில் அடி முன்னால். இரண்டாம் பதிப்புக்கு முன் இதை மறுபடி எடுப்பேன்.

வட்டுக்கோட்டையிலிருந்து:

மண்டியிடுதல் பற்றிய குறிப்பு இணைப்பில், 11 பக்கம்.