கலைச்சொல் உதவி: போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கி (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

நா.ச., பாஸ்டன்

எல்லாருக்கும் வணக்கம். இங்குள்ள தமிழ்ச் சிற்றிதழ் ஒன்றுக்காக, அமெரிக்காவின் பழைய ராணுவத் துப்பாக்கிகளையும் குறிசூட்டுப் போட்டித் துப்பாக்கிகளையும் சேகரிப்பவர்களைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. முதல் பத்தியிலேயே தடுக்கி நிற்கிறேன்.

1892இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற க்ராக்-யோர்கென்சன், அதன் பின் வந்த 1903 ஸ்பிரிங்ஃபீல்ட், முதல் உலகப் போர்க்கால 1917 என்ஃபீல்ட், போட்டிக்காரர்களின் செல்லமான வின்செஸ்டர் 52, எல்லாமே போல்ட் ஆக்‌ஷன். குழலுக்குப் பின்னால் ஓர் உருளை எஃகுத் தண்டு. அதன் பிடியை மேலே தூக்கிப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும், முன்னே தள்ளினால் புதுத் தோட்டா உள்ளே ஏறும், பிடியைக் கீழே மடக்கினால் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் செய்ய வேண்டிய வேலை. 'தாழ்த்துப்பாக்கி' என்று போட்டேன், இதழாசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். இந்தத் தண்டு ஓடிப் பூட்டிக்கொள்கிற எஃகுக் கூட்டை 'ரிசீவர்' என்கிறார்கள், அதற்கும் ஒரு சொல் வேண்டும். உதவுங்கள்.

புலவர் தி.வே., தஞ்சாவூர்

அன்புள்ள நா.ச., யகர ரகர ழகரத்தின் முன் வேற்றுமையில் வல்லினம் மிகும் என்ற நன்னூல் விதிப்படி உங்கள் சொல்லில் பிழை இல்லை. ஆனால் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். தாழ்த்து, பாக்கி என்றுதான் காதில் விழுகிறது. கடைக்காரர் பாக்கியைத் தாழ்த்திக் கொடுத்த மாதிரி. ஆசிரியர் மறுத்தது அதனால்தான் இருக்கும்.

தாழ் என்னும் அடிச்சொல்லை மட்டும் விடாதீர்கள். "அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்" என்றவர், காமத்துப்பாலில் "நாணுத்தாழ் வீழ்த்த கதவு" என்று மறுபடியும் அதைத் தேடிப் போகிறார். சிலம்பின் அடைக்கலக் காதையில் மதுரைக் கோட்டையின் பொறிகளை அடுக்கும்போது "எழுவும் சீப்பும் முழுவிறற் கணையமும்" என்று வருகிறது. எழு, சீப்பு, கணையம் மூன்றும் மதிற்காப்புக்கும் கதவடைப்புக்கும் உரியவை. எதிரியைத் தடுக்கும் கோட்டைக் கதவின் கணையமரமும், வெடியின் அழுத்தம் பின்னால் பாயாமல் தடுக்கும் எஃகுத் தண்டும் செய்கிற வேலை ஒன்றே. துப்பாக்கி துருக்கியிலிருந்து வந்த சொல் என்பதால் இணையத்தில் சிலர் துமுக்கி என்று எழுதுகிறார்கள். ஆகவே 'கணையத் துமுக்கி' என் பரிந்துரை.

இரா.கோ., கோவை

ஐயா, கணையம் என்றால் இன்றைக்கு வயிற்றுக்குள் இருக்கிற உறுப்பு. சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுகிற யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். துமுக்கியும் சேர்ந்தால் படிப்பவருக்கு ஒன்றுமே பிடிபடாது.

வார்ப்பட ஆலைக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். போல்ட் என்றே விடலாம் என்று யாராவது வருவதற்குள் சொல்லிவிடுகிறேன், எங்கள் பட்டறையில் போல்ட் என்றால் நட்டோடு போகிற திருகாணி. தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வரும். குளியலறைக் கதவில் இருக்கிற தாழ்ப்பாளைப் பாருங்கள், பிடியைத் தூக்கி, தள்ளி, மடக்குகிறோம். நா.ச. எழுதிய அதே அசைவு. 'தாழ்ப்பாள் துப்பாக்கி' என்றால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

ஜெ.ப., மதுரை

இரா.கோ. எதிர்பார்த்த ஆள் நான்தான். கல்லூரியில் என்.சி.சி. பொறுப்பில் இருந்தவன். அங்கே பழகிய பாயிண்ட் டூ டூ, த்ரீ நாட் த்ரீ துப்பாக்கிகள் இரண்டும் போல்ட் ஆக்‌ஷன்தான், பையன்கள் எல்லாரும் போல்ட் என்றே சொன்னார்கள், ஒருவரும் திருகாணியோடு குழப்பிக்கொள்ளவில்லை. சுடுதளத்தில் 'போல்ட்டைத் திற' என்றால் அத்தனை பேரும் அந்த நொடியே திறக்க வேண்டும். அங்கே போய்க் கணையமா எழுவா என்று நிற்க முடியாது. புழங்குகிறவன் வாயில் இருக்கிற சொல்லைப் பிடுங்கிவிட்டு இன்னொன்றைத் திணிப்பது எனக்கு ஒப்பவில்லை. 'போல்ட் துப்பாக்கி' போதும்.

சி.யோ., டொராண்டோ

துப்பாக்கி எண்டு எல்லாரும் எழுதுறீங்கள். எங்கட பக்கம் அது துவக்கு. தோட்டாவை ரவை எண்டும், பறந்து போற ஈயத்துண்டைச் சன்னம் எண்டும் சொல்லுவம். மிருகங்களுக்குப் பொறியாகக் கட்டுறது கட்டுத்துவக்கு. இந்தத் துறையில் ஈழத்தில் புழங்கிய சொற்கள் நிறைய, அதுகளைத் திரும்பிப் பார்க்காமல் புதுசாக உருவாக்கிறது எனக்கு மனவருத்தம். 'தாழ்த்துவக்கு' எண்டு பாருங்கோ, பாக்கிப் பிரச்சினையே இல்லை.

புலவர் தி.வே., தஞ்சாவூர்

சி.யோ., துவக்கு அருமையான சொல். தொடங்கு, துவங்கு, துவக்கு என்ற வரிசையில் வைத்துப் பார்க்கிறேன். போரைத் துவக்குவது எதுவோ அது துவக்கு. இதன் வேர் தூய தமிழாகவே இருக்கலாம்.

சி.யோ., டொராண்டோ

ஐயா, சிங்களத்திலும் துவக்குவ எண்டுதான் சொல்லுவினம். துப்பாக்கியும் துவக்கும் ஒரே துருக்கிய வேரில் இருந்து வந்ததுகள் எண்டுதான் எனக்குப் படுது. ஆனால் தூய்மைக்காக நான் அந்தச் சொல்லைக் கேக்கேல்லை. எங்கட ஆக்கள் சொல்லுற சொல் எண்டதுதான் என்ர நியாயம்.

மீ.ரா., ஒஹாயோ

பயணத்தில் இருந்ததால் இன்றுதான் படித்தேன். நான் இந்தத் துப்பாக்கிகளைச் சுடுகிறவள், கொஞ்சம் சேகரிக்கவும் செய்கிறேன். இங்கே ஈரி ஏரிக்கரையில் கேம்ப் பெரி என்ற இடத்தில் 1907 முதல் தேசியக் குறிசூட்டுப் போட்டிகள் நடந்துவருகின்றன. பழைய ராணுவத் துப்பாக்கிகளுக்கென்றே தனிப் போட்டிகள் உண்டு.

நா.ச. தங்கையே, போல்ட்டுக்கு எதை வைத்தாலும் பெரிய கேடு வராது. ரிசீவருக்கு எதை வைக்கிறீர்கள் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையில் செய்த 1903களில் வரிசை எண் சுமார் 8,00,000க்குக் கீழே உள்ளவற்றைச் சுட வேண்டாம் என்று உங்கள் கட்டுரையிலும் கட்டாயம் இருக்கும். அந்தக் காலத்து ரிசீவர்களின் எஃகு சரியாகப் பதப்படாமல் நொறுங்கும் தன்மையோடு இருந்தது, சில சுடும்போதே சிதறின. 1918இல் பதம் வைக்கும் முறையை மாற்றிய பிறகுதான் சரியானது. ராக் ஐலண்டு ஆலைத் துப்பாக்கிகளுக்கு எல்லை எண் வேறு, இரண்டையும் கலந்துவிடாதீர்கள். இந்த இடத்தில் ரிசீவரைக் குழல் என்றோ, பொதுவாக உடல் என்றோ எழுதினால், குழலை மாற்றிவிட்டால் சுடலாம் என்று ஒருவர் நினைத்துக்கொள்வார். குழல், மரக்கட்டை, போல்ட் எல்லாவற்றையும் மாற்றலாம். எண் பொறித்திருப்பது ரிசீவரில். 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே துப்பாக்கி என்று கணக்கில் வருவதும் அதுதான்.

ஆனால் போல்ட் சொல்லிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. 1895இல் அமெரிக்கக் கடற்படை ஏற்ற வின்செஸ்டர்-லீயில் பிடியைத் தூக்கித் திருப்புகிற வேலை இல்லை, நேரே பின்னால் இழுத்தால் போதும். அதுவும் போல்ட்தான். சேகரிப்பவர்கள் அதைத் தேடி அலைகிறார்கள், கட்டுரையில் வராமல் போகாது. தாழ்ப்பாள் துப்பாக்கி என்று மொத்தமாகப் பெயர் வைத்துவிட்டால் இந்த இரண்டையும் எப்படிப் பிரிப்பீர்கள்?

இரா.கோ., கோவை

மீ.ரா. அக்கா எழுதியதைப் படித்துவிட்டு இரவெல்லாம் அதே நினைப்பு. ஸ்பிரிங்ஃபீல்டில் அன்றைக்குக் கொல்லர்கள் எஃகு காய்ந்த நிறத்தைக் கண்ணால் பார்த்தே சூட்டை மதிப்பிட்டிருக்கிறார்கள். வெயில் நாளில் ஒரு மாதிரி தெரியும், மேகமூட்டத்தில் வேறு மாதிரி தெரியும். நன்றாக வெளிச்சம் அடிக்கிற பகலில் செந்தழல் மங்கலாகப் படும், இன்னும் காயட்டும் என்று விட்டால் எஃகு எரிந்துபோகும். எங்கள் பக்கம் அரிவாளுக்குத் துவைச்சல் (பதம்) வைக்கிற ஆசாரிமார் நிழலான இடத்தில் உலை போடுவது இதற்காகத்தான்.

சொல்லுக்கு வருகிறேன். ரிசீவருக்கு நேர்ச்சொல் பார்த்துப் பெறுவி, ஏற்பி என்று போகாதீர்கள், ஏற்பி உயிரியல்காரர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. உடற்கூடு என்று எழுதலாம் என்று நினைத்தேன், ஆனால் உடற்கூறு ஆய்வு நினைவுக்கு வந்துவிடுகிறது. அந்தத் தண்டு ஓடுகிற, பூட்டுகிற கூடு அது. 'தாழ்க்கூடு' என்றால் என்ன?

புலவர் தி.வே., தஞ்சாவூர்

தாழ்க்கூடு நன்று. குழலும் அதில்தான் முறுக்கி ஏறுகிறது என்பதால் முழுப் பொருளும் வரவில்லை, இருந்தாலும் நன்று.

மீ.ரா. அம்மையார் கேட்ட பிரிவினைக்கு வினைத்தொகை இருக்கிறது. பிடியைத் திருப்புவது 'திருகுதாழ்', நேரே இழுப்பது 'இழுதாழ்'. திருகிய, திருகுகின்ற, திருகும் என்று மூன்று காலமும் ஒரு சொல்லில் அடங்கும். முன்னால் ஒரு சொல் வந்துவிட்டதால் தாழ்த்து என்ற மயக்கமும் குறைகிறது. கணையத்தை விட்டுக்கொடுக்கிறேன், மனமில்லாமல்தான்.

நா.ச., பாஸ்டன்

எல்லாருக்கும் நன்றி. 'தாழியக்கத் துப்பாக்கி' என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார், அதைப் படித்ததும் ஆதிச்சநல்லூர்த் தாழிதான் கண்ணில் வந்தது, எனவே வேண்டாம். இன்னும் ஒரே ஓர் உதவி. போருக்குப் பின் மலிவாகக் கிடைத்த இந்த ராணுவத் துப்பாக்கிகளை வாங்கி, முன்கட்டையை அறுத்து, ராணுவக் குறிமுனையைக் கழற்றி, தொலைநோக்கிக்குத் துளை போட்டு வேட்டைத் துப்பாக்கியாக மாற்றியிருக்கிறார்கள். 'ஸ்போர்ட்டரைஸ்' என்கிறார்கள். ஒன்பதாம் பத்தி முழுக்க அதுதான். 'மூளியாக்கிய' என்று எழுதலாமா? காதறுந்த மூளி என்பது போல.

சி.யோ., டொராண்டோ

மூளி நல்ல சொல். அறுத்த கட்டையைப் பாத்தால் அந்தச் சொல்தான் வாயில் வரும்.

மீ.ரா., ஒஹாயோ

மூளிக்கு நான் உடன்பட மாட்டேன். அறுத்தது எல்லாமே பாழ் இல்லை. நியூயார்க்கில் கிரிஃபின் அண்ட் ஹோ போன்ற பட்டறைகள் 1920களில் ஸ்பிரிங்ஃபீல்டை எடுத்து, வால்நட் மரத்தில் புதுக் கட்டை செதுக்கிச் செய்த வேட்டைத் துப்பாக்கிகளை இன்றைக்குத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அதையும் மூளி என்பீர்களா? மாற்றத்தைச் சொல்ல 'வேட்டைக்கு மாற்றிய' என்றே எழுதுங்கள். யாரோ கொட்டகையில் வைத்து ரம்பத்தால் அறுத்ததைப் பற்றிப் பேசும்போது வேண்டுமானால் மூளி போடுங்கள், அங்கே அது நியாயம்.

சேகரிப்பவரின் கண் எங்கே போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், சொல் தேர்வுக்கு உதவும். நல்ல 1903 ஒன்று கையில் கிடைத்தால் முதலில் கட்டையின் இடப்பக்கம் பார்ப்போம். மரத்தில் சோதனை செய்தவரின் முதலெழுத்துகள் சின்னக் கட்டத்துக்குள் பதிந்திருக்கும். யாராவது உப்புத்தாள் போட்டு இழைத்திருந்தால் அது மழுங்கியிருக்கும், அங்கேயே விலை பாதி விழும். அப்புறம் தாழ்க்கூட்டின் இடப்பக்கம் கட்டைவிரலுக்கு எட்டுகிற சின்ன நெம்புகோல். ஒரு முகத்தில் ஆன், மறுமுகத்தில் ஆஃப். ஆஃபில் வைத்தால் அடியில் உள்ள ஐந்து தோட்டாவும் சேமிப்பில் நிற்கும், ஒவ்வொன்றாகக் கையால் போட்டுச் சுட வேண்டும். நடுவில் நிறுத்தினால் தாழைக் கழற்றிவிடலாம். ராணுவத்தின் தோட்டாச் சிக்கனம் அந்த விரலளவு இரும்பில் தெரியும். இதே ராணுவம் 1898இல் கியூபாவின் சான் யுவான் குன்றில் க்ராக்குக்குத் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தபோது, எதிரே ஸ்பானியர் ஜெர்மானிய மவுசர் துப்பாக்கியில் ஐந்து ஐந்தாக அழுத்திச் சுட்டார்கள். அந்த அடிதான் 1903ஐ மவுசர் வழிக்குத் திருப்பியது, மவுசர் நிறுவனத்துக்கு 2,00,000 டாலர் உரிமைத்தொகையும் போனது.

போட்டிக்கென்று தேர்ந்த குழல்களின் உள்விட்டத்தை நட்சத்திர அளவி என்ற கருவியால் அளந்து, குழல்முனையில் சின்ன நட்சத்திரம் குத்தியிருப்பார்கள். அதை 'விண்மீன் முத்திரை' என்று எழுதினால் எனக்குப் பிடிக்கும். கட்டையில் உள்ளதற்குச் 'சோதகர் முத்திரை'.

நா.ச., பாஸ்டன்

கட்டுரை ஆசிரியரிடம் போய்விட்டது. திருகுதாழ்த் துப்பாக்கி, இழுதாழ்த் துப்பாக்கி, தாழ்க்கூடு, சோதகர் முத்திரை, விண்மீன் முத்திரை. மூளி ஓரிடத்தில் மட்டும். முதல் முறை வரும்போது குளியலறைத் தாழ்ப்பாளைச் சொல்லி ஒரு வரி விளக்கம் சேர்த்திருக்கிறேன், அது இரா.கோ. அண்ணனுக்காக. 8,00,000 பற்றிய வரியைத் தடித்த எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். துவக்கு இந்த முறை உள்ளே வரவில்லை, ஆசிரியர் இடம் தரவில்லை.

சி.யோ., டொராண்டோ

அடுத்த இதழுக்கு நான் துவக்கு எண்டே ஒரு கட்டுரை எழுதித் தாறன். அதை அவர் வெட்டாமல் போடட்டும்.

ஜெ.ப., மதுரை

திருகுதாழ் படிக்க அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். நாளைக்கு ஒரு பையன் சுடுதளத்தில் நிற்கும்போது அவனிடம் 'போல்ட்டைத் திற' என்றுதான் சொல்வேன்.